தாழ்தலும் தாழ்த்துதலும்



யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ, அவர் சேரிப் பள்ளியில் ஆசிரியராகவும் ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியாராகவும் வாழ்ந்தவர் என்பதை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். பைபிளையும் அம்பேத்கரையும் ஒரே அலமாரியில் வைத்துப் படித்தவர். அவருக்குச் செய்யும் மரியாதையாக, கிறிஸ்தவம் ஓயாமல் போதிக்கும் இரண்டு சொற்களை இந்த ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று தாழ்மை, மற்றொன்று நீதி.

இந்த அரங்கில் பௌத்தம் தழுவியவர்கள் இருக்கிறார்கள். எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். திருச்சபைக்குள் நடக்கும் பேச்சு நமக்கு எதற்கு என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களுடைய அன்றாட வாழ்வில் எது பொறுத்துக்கொள்ள வேண்டியது, எது எதிர்க்க வேண்டியது என்பதைப் பிரசங்க மேடையிலிருந்து வரும் சொற்கள் தீர்மானிக்கின்றன. ஆகவே அந்தச் சொற்களை ஆராய்வது நம் அனைவருடைய அரசியல் வேலை.

நம்மில் பலரும் கேட்டுப் பழகிய ஒரு பதில் உண்டு. திருவிழாவில் சப்பரம் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்டால், கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் எதற்கு என்று கேட்டால், பங்குப் பேரவையில் எங்கள் பெண்களுக்கு இடம் எங்கே என்று கேட்டால், வரும் பதில் இதுதான்: கொஞ்சம் தாழ்மையாக இருங்கள், ஆண்டவர் எவ்வளவு தாழ்மையாக இருந்தார் பாருங்கள். கேட்டவர் வாயடைத்துப் போகிறார். அவர் நம்பும் நூலிலிருந்தே எடுத்த சொல்லைப் பூட்டாக மாட்டியாயிற்று. இந்தப் பூட்டுக்கு அதே நூலுக்குள் சாவி இருக்கிறதா என்பதே இன்றைய நம் கேள்வி.

தன்வினையும் பிறவினையும்

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணத்தை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்வோம். தாழ்தல் தன்வினை. தாழ்த்துதல் பிறவினை. ஒருவர் தாமாகக் குனிவது வேறு. ஒருவருடைய கழுத்தைப் பிடித்து இன்னொருவர் குனிய வைப்பது வேறு. நமக்கு இந்த நாடு கொடுத்த பெயர்களில் ஒன்று 'தாழ்த்தப்பட்டோர்'. அந்தச் சொல்லுக்குள்ளேயே தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார் என்ற உண்மை அடங்கியிருக்கிறது. தாழ்மை என்ற பெயர்ச்சொல்லோ இந்த இரண்டையும் கலந்துவிடுகிறது. தானாக இறங்கி வந்தவருடைய பண்பும், மிதித்துக் கீழே தள்ளப்பட்டவருடைய நிலையும் ஒரே சொல்லில் ஒளிந்துகொள்கின்றன.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்குள்ள 'தபெய்னோஸ்' என்ற சொல்லுக்குக் கீழே கிடப்பவர், மதிப்பற்றவர் என்றே அந்தக் கால உலகில் பொருள். கிரேக்க, ரோமானிய மேட்டுக்குடியினர் அதை நற்பண்பாக எண்ணவில்லை. அடிமைகளுக்குரிய இழிவாகவே கருதினார்கள். லூக்கா எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மரியாள் பாடும் பாடலில் இந்தச் சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த சொல் வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் அதைத் 'தாழ்மை' என்று மொழிபெயர்த்தது. பிற்காலத்துத் திருவிவிலியம் 'தாழ்நிலை' என்றது. ஒரு சொல்தான் வேறுபாடு. ஆனால் பொருள் தலைகீழாகிறது. தாழ்மை என்று படித்தால், மரியாள் அடக்கமான பெண் என்பதால் கடவுள் அவளைத் தேர்ந்தெடுத்தார் என்று ஆகிறது. தாழ்நிலை என்று படித்தால், கிராமத்து ஏழைப் பெண் ஒருத்தி தள்ளப்பட்டுக் கிடந்த இடத்தைக் கடவுள் திரும்பிப் பார்த்தார் என்று ஆகிறது. பாடலின் அடுத்த பகுதி இரண்டாவது பொருளுக்கே துணை நிற்கிறது. வலியவர்கள் இருக்கைகளிலிருந்து இறக்கப்படுவதையும், கீழே கிடப்பவர்கள் தூக்கிவிடப்படுவதையும், பசித்தவர்கள் வயிறு நிறைவதையும் அந்தப் பெண் பாடுகிறாள். அடக்கமாக இருப்பதற்குப் பரிசு கேட்கும் பாடல் இல்லை அது.

யாரிடம் சொன்னார்?

ஒரு போதனையைப் புரிந்துகொள்ள, என்ன சொன்னார் என்பதோடு யாரிடம் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். பந்தியில் கடைசி இடத்தில் போய் உட்கார் என்று இயேசு சொன்ன இடம் எது? லூக்கா 14ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டு விருந்து அது. முதல் இடத்துக்கு முண்டியடித்தவர்களைப் பார்த்துத்தான் அவர் பேசினார். பந்திக்கே அழைக்கப்படாமல் வாசலுக்கு வெளியே நின்றவர்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அழைத்தவரிடம் திரும்பி, அடுத்த முறை ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் பார்வையற்றவர்களையும் கூப்பிடு என்றார். ஒரே விருந்தில் இரண்டு தரப்புக்கு இரண்டு சொல்: மேலே இருப்பவருக்கு இறங்கு, வெளியே நிற்பவருக்கு உள்ளே வா. நம் மேடைகளில் முதல் சொல்லை இரண்டாவது தரப்பிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியும் அப்படித்தான். கால் கழுவுவது அந்தச் சமூகத்தில் அடிமையின் வேலை. அதைச் செய்தவர் குருவும் தலைவருமாக இருந்தவர். ஏற்கெனவே ஊருக்கெல்லாம் கால் கழுவிக்கொண்டிருந்த அடிமையைக் கூப்பிட்டு, நீ இன்னும் நன்றாகக் கழுவு என்று அவர் போதிக்கவில்லை. பெரிய வியாழன் அன்று கோவிலில் நடக்கும் சடங்கை ஆண்டு முழுவதும் தெருவில் நடத்திக்கொண்டிருப்பவர்கள் நம் துப்புரவுப் பணியாளர்கள். அவர்களுக்குத் தாழ்மையைப் பற்றி வகுப்பெடுக்கும் தகுதி யாருக்கும் கிடையாது.

பவுல் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவம் எடுத்தார் என்ற புகழ்பெற்ற பகுதி இருக்கிறது. பிலிப்பி, ஓய்வுபெற்ற ரோமானியப் படைவீரர்களைக் குடியேற்றிய நகரம். குடியுரிமை, பட்டம், பதவி என்ற படிக்கட்டில் ஏறுவதே அங்கே வாழ்க்கை. அந்த ஊரில், உச்சியில் இருந்தவர் அடித்தளத்துக்கு வந்தார் என்று பவுல் எழுதினார். அங்கே வரும் வினை 'தம்மைத்தாமே' என்பதோடு சேர்ந்தே வருகிறது. தாழ்மையைப் பற்றிய போதனைகளில் திரும்பத் திரும்ப இந்தத் தன்வினைதான். பிறரைத் தாழ்த்துகிறவர் பேறுபெற்றவர் என்று எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

அறைந்த கன்னத்துக்கு மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே என்று கேட்பார்கள். அவரே அறை வாங்கியபோது என்ன செய்தார்? யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரம் அதைப் பதிவுசெய்திருக்கிறது. முன்னாள் தலைமைக் குருவின் முன்னால் விசாரணை. காவலன் ஒருவன் அறைகிறான். தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று அவர் கேட்கிறார். கை ஓங்கவில்லை, வாயையும் மூடவில்லை. காவலில் இருப்பவர் தன்னை அடித்தவனிடம் காரணம் கேட்கிறார். சாந்தகுணம் என்பதற்கு நமக்கு வேண்டிய விளக்கம் இதுதான்.

நீதி இல்லாத தாழ்மை

தாழ்மையைத் தனியாகப் பிரித்தெடுத்துப் போதிக்கும்போதுதான் அது பூட்டாகிறது. விவிலியம் அதை நீதியோடு சேர்த்தே வைத்திருக்கிறது. இறைவாக்கினர் மீகா, கடவுள் மனிதரிடம் எதிர்பார்ப்பவை மூன்று என்கிறார். நீதி செய்வது முதலில் வருகிறது. இரக்கத்தை நேசிப்பது இரண்டாவது. கடவுளோடு தாழ்மையாக நடப்பது மூன்றாவது. தாழ்மை யாருக்கு முன்னால் என்பதையும் கவனியுங்கள். கடவுளுக்கு முன்னால். பண்ணையாருக்கு முன்னாலோ ஊர்க் கூட்டத்துக்கு முன்னாலோ அல்ல. கடவுளுக்கு முன்னால் தலைவணங்கியவர் வேறு எவருக்கும் குனிய வேண்டியதில்லை என்பதே இதன் உட்பொருள்.

ஆமோஸ் ஆடு மேய்த்தவர். காட்டு அத்தி மரங்களைப் பராமரித்தவர். தெக்கோவா என்ற ஊரிலிருந்து புறப்பட்டு, அரசின் கோவில் இருந்த பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழைகளை விற்கிறீர்கள், நகர வாயிலில் வழக்கைப் புரட்டுகிறீர்கள், பிறகு இங்கே வந்து பாட்டும் பலியும் செலுத்துகிறீர்கள் என்று கண்டித்தார். கோவில் குரு அமட்சியா, இது அரசருடைய கோவில், இங்கே பேசாதே, உன் ஊருக்குப் போ என்றார். உழைக்கும் மனிதன் கோவிலில் நீதி கேட்டபோது வெளியே போ என்ற பதில் அன்றைக்கே வந்துவிட்டது. அந்தக் குருவின் பக்கத்தை விவிலியம் எடுக்கவில்லை. ஆடு மேய்த்தவரின் பேச்சைத்தான் வேதமாகச் சேர்த்து வைத்தது.

யாக்கோபின் கடிதம் இன்னும் நேரடியானது. பொன் மோதிரம் போட்டவர் சபைக்கு வந்தால் நல்ல இருக்கை, அழுக்கு உடையோடு ஏழை வந்தால் அங்கே நில் அல்லது என் காலடியில் உட்கார் என்று சொல்வீர்களானால் நீங்கள் பாரபட்சம் காட்டுகிறீர்கள் என்று அந்தக் கடிதத்தின் 2ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. தமிழ்நாட்டுக் கோவில்களின் இருக்கை வரலாற்றைப் படித்தவர்களுக்கு, நம் ஊரைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கும்.

நம் மண்ணில் நடந்தது

அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி துறவிக் கோலம் பூண்டு, தத்துவ போதகர் என்று பெயர் பெற்று, மேல்சாதியினரிடம் சமயம் பரப்பினார். மற்றச் சாதியினருக்கென்று பிற்பாடு பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் வந்தார்கள். தமிழுக்கு அவர்கள் செய்த தொண்டை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடித்தட்டு மக்களிடம் நெருங்கினால் மேல்சாதியினர் விலகிவிடுவார்கள் என்ற கணக்கு வேலை செய்தது. 1704இல் புதுச்சேரிக்கு வந்திருந்த போப்பாண்டவரின் தூதர் தூர்நோன் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்றுக் கிடக்கும் சேரிக் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் குருக்கள் போய் அருள்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. சாகக் கிடப்பவருடைய குடிசைக்குள் நுழைவதற்கு ஆணை தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். தகராறு நாற்பது ஆண்டுகள் நீண்டது. 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் காலத்தில், சேரி மக்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது என்ற சமரசம் வந்தது. குடிசைக்குள் குரு வந்தார். ஆனால் அவர் வேறு குரு.

சீர்திருத்த சபைகளில் 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையில் அறவே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே திருவிருந்தில் பேதமில்லாமல் பங்கேற்க வேண்டும். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எதிர்ப்புக் கிளம்பியது. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியைச் சமூக வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷன் பின்னாளில் அவர்களில் பலருக்குப் புகலிடமானது. கிண்ணத்தைப் பகிர்ந்துகொள்வதைவிடக் கோவிலை மாற்றிக்கொள்வது எளிதாக இருந்தது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடையே கோவிலுக்குள்ளேயே தடுப்பு நின்றது. 1910இல் அது இடிக்கப்பட்டபோது, தனி இடம் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் வரை போயும் அந்த உரிமை கிடைக்கவில்லை. 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து வன்முறை வெடித்தது; காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. தூதரின் ஆணைக்கும் இந்த அறிக்கைக்கும் இடையே 312 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளும் தாழ்மை போதிக்கப்படாமல் இல்லை. போதிக்கப்பட்ட திசைதான் தவறு.

அம்பேத்கரின் கேள்வி

பாபாசாகேப் இதை அப்போதே கண்டுகொண்டார். மதம் மாறியவர்களின் நிலையைப் பற்றி எழுதியபோது அவர் வைத்த விமர்சனம் கூர்மையானது. உன் துன்பத்துக்கு உன் பாவமே காரணம் என்று போதிக்கும்போது, தீண்டப்படாதவர் தன் வீழ்ச்சிக்குக் காரணமான சமூகச் சூழலைப் பார்க்கத் தவறிவிடுகிறார் என்றார். முன்பு கர்மம் என்றார்கள். இப்போது பாவம் என்கிறார்கள். அடித்தவன் மட்டும் கணக்கிலேயே வருவதில்லை. தாழ்மையைப் பற்றிய தவறான போதனையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்தக் கேள்விக்குத் திருச்சபைக்குள்ளிருந்தே பதில் தேடியவர்கள் நம்மவர்கள். 1980களில் அர்விந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு அடித்தளமிட்டார். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கென்று ஒரு துறையே உருவானது. துன்புறும் ஊழியராக வந்த கடவுள் வெளியிலிருந்து பரிதாபப்படுபவர் அல்லர், தலித்துகளில் ஒருவர் என்பது அவருடைய வாதம். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய 'பறட்டை' தியோபிலஸ் அப்பாவு, இழிவு என்று ஒதுக்கப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளை நம் வீட்டுப் பேச்சில் 'பெத்தவரு' என்று அழைத்தார். 'ஒரு உலை' என்பது அவருடைய இறையியலின் மையச் சொல். எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டு, எல்லாரும் ஒன்றாக உண்பதே திருவிருந்து. தனிக் கிண்ணம் கேட்டவர்களுக்கு இதைவிட எளிய பதில் கிடையாது. 1992இல் வெளிவந்த 'கருக்கு' நூலில், கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பாமா, ஏழ்மை என்ற வார்த்தைப்பாட்டுக்கும் சேரியின் உண்மையான ஏழ்மைக்கும் உள்ள தூரத்தைக் காட்டினார். விரும்பி ஏற்கும் ஏழ்மையும் திணிக்கப்பட்ட ஏழ்மையும் ஒன்றல்ல. மறுபடியும் அதே தன்வினை, பிறவினைதான்.

அரசும் சபையும்

இந்த மயக்கத்துக்கு அரசும் துணைபோகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், மற்றவர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் சூசை வழக்கு. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று 1985இல் மனு தள்ளுபடியானது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத அடிப்படையிலான தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

நீதிமன்றம் சான்று கேட்கிறது. அந்தச் சான்று கல்லறைச் சுவராகவும் தனித் தெருவாகவும் நம் ஊர்களில் நிற்கிறது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று வெளியே பேசி, உள்ளே சாதியைக் காப்பாற்றும் சபை, நம் மக்களின் உரிமைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. சபைக்கு வேண்டிய தாழ்மை, தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று உண்மையை ஒப்புக்கொள்ளும் தாழ்மை.

நாம் செய்ய வேண்டியது

ஆன்மிக மதிப்பீடுகளின்படி வாழ்வது என்றால் கண்ணை மூடி உட்காருவது என்று எண்ண வேண்டாம். அது சில எளிய கேள்விகளில் தொடங்குகிறது. நம் கோவிலில் வாசகம் வாசிப்பவர் யார்? கணக்குப் புத்தகம் யார் கையில்? குருத்துவப் படிப்புக்கு நம் பிள்ளைகள் எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள்? சபையின் பள்ளியிலும் கல்லூரியிலும் வேலை யாருக்குப் போகிறது? இறந்தவரை எந்த வழியாகக் கொண்டுபோகிறோம்? மாணவ நண்பர்கள் தங்கள் ஊருக்குப் போய் இந்த ஐந்துக்கும் பதில் எழுதிக்கொண்டு வரட்டும். நீதிமன்றம் கேட்ட சான்றும் அதுவே, ஆமோஸ் செய்த வேலையும் அதுவே.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது. இறங்கி வரவேண்டிய உயரம் நம்மிடமும் உண்டு. பறையர், பள்ளர், அருந்ததியர் என்ற பிரிவுகளுக்குள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கும் படி இருக்கிறது. அமைப்பின் கூட்டத்தில் பேசுபவர் ஆண், தேநீர் கொண்டுவருபவர் பெண் என்ற ஏற்பாடு இருக்கிறது. பட்டம் பெற்றவர், சேரியில் இன்னும் கூலி வேலை செய்பவரைப் பார்க்கும் பார்வை இருக்கிறது. இந்த இடங்களிலெல்லாம் தாழ்மை நமக்குச் சொல்லப்பட்ட போதனைதான். அருந்ததியர் வீட்டு உலையில் நாம் உண்கிறோமா, மேடையின் நடுநாற்காலியில் ஒரு பெண் உட்காருகிறாரா என்பதைக் கொண்டு நம்மையும் அளப்பார்கள். அளக்கட்டும். நம்மைத் தாழ்த்தியவர்களிடம் நீதி கேட்கும் உரிமை அதனால் குறையாது. கேட்கும் குரல்தான் உறுதிப்படும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை யாராவது நம்மிடம் தாழ்மையாக இரு என்று சொன்னால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: ஐயா, தாழச் சொல்கிறீர்களா, தாழ்த்தப் பார்க்கிறீர்களா? முதலாவது என்றால், நீங்கள் மேலே இருக்கிறீர்கள், நீங்கள் முதலில் இறங்கி வாருங்கள், சேர்ந்து உட்காருவோம். இரண்டாவது என்றால், அதற்கு எந்த வேதத்திலும் இடமில்லை. இந்த நாட்டின் அரசமைப்புச் சட்டத்திலும் இடமில்லை.